பட்டு நூல் மேல் விழுந்த பழி

தையல் பிரிக்க வருகிற நோயாளி வாயைத் திறந்ததும் இளைய டாக்டர்களான நீங்கள் நூலைப் பார்க்கிறீர்கள். நான் முதலில் அவருடைய பாதத்தைப் பார்ப்பேன். பல் டாக்டருக்குப் பாதத்தில் என்ன வேலை என்று நீங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தது எனக்குத் தெரியும். என் வழியனுப்பு விழாவில்கூட ஒருத்தர் மைக்கில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கைதட்டியவர்களில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் பரவாயில்லை, நானே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர் உண்டு. மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தேதி பார்ப்பேன். கை கழுவிவிட்டேன் என்று சொல்கிறவரின் விரல் ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். 'சொன்னபடியே செஞ்சேன் டாக்டர்' என்று எந்த நோயாளி சொன்னாலும் மனசுக்குள் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பேன். இந்தக் குணத்தால் வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. ஆனால் தொழிலில் ஒரு தடவை இதனால் ஒருத்தருடைய பிழைப்பு தப்பியது.

2005-ஆம் வருஷம். சுனாமி வந்துபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மரக்காணம் உப்பளங்களை ஒட்டி ஒரு சின்ன மருத்துவமனை, ஏதோ ஓர் அறக்கட்டளை நடத்தியது. அதில் வாய் அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு டாக்டர்கள். நான் இரண்டாவது. முதலாமவரை ஊரே பெரிய டாக்டர் என்று சொல்லும். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

பெரிய டாக்டரின் கையைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. எலும்புக்குள் புதைந்து கிடக்கிற ஞானப் பல்லைக்கூடப் பக்கத்துத் தசைக்கு வலிக்காமல் எடுப்பார். பேச்சுதான் கிடையாது. கையுறையைக் கழற்றிக்கொண்டே, நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான். "ஐஸ் வையுங்க, காரம் வேணாம், உப்புத் தண்ணியில அடிக்கடி நல்லா கொப்பளிங்க, அடுத்த வாரம் வாங்க." அவர் கையுறை கூடையில் விழுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

சுனாமிக்குப் பிறகு உதவி என்ற பெயரில் இந்தக் கரைக்கு வந்து இறங்கியவற்றைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம். வேர்வை கசகசக்கிற ஊருக்குக் கம்பளிக் கோட்டு வந்தது. எங்கள் தலையில் கட்டப்பட்டது ஓர் அறை நிறையத் தையல் நூல். எல்லாம் தானாகக் கரைகிற வகை. ஊசியோடு சேர்த்துத் தகட்டு உறையில் அடைத்து, வெளிநாட்டு எழுத்தோடு வந்திருந்தது. நாங்கள் அதுவரை போட்டுக்கொண்டிருந்தது சாதாரணக் கறுப்புப் பட்டு நூல். சுருளாக வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டிரம்மில் அடுக்கி, நீராவியில் கிருமி நீக்கிப் பயன்படுத்துவோம். அந்த வேலை முழுக்க மல்லிகா சிஸ்டர் கையில் இருந்தது.

மல்லிகா வானூர்க்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். கணவர் விபத்தில் இடுப்பு அடிபட்டு வீட்டோடு இருந்தார். குடும்பம் மல்லிகா ஒருத்தர் வேலையில்தான் ஓடியது. அதிகம் பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தால் நாங்கள் கையை நீட்டினால் போதும், கேட்காமலே கருவி வந்து கையில் உட்காரும்.

வந்த நூலை வீணாக்க வேண்டாம், பட்டு நூலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார் பெரிய டாக்டர். எதில் காயம் சீக்கிரம் ஆறுகிறது, எதில் வீக்கம் குறைவு என்று பார்த்து, சென்னையில் ஒரு மருத்துவக் கூட்டத்தில் பேசலாம் என்று அவருக்கு ஆசை. நல்ல யோசனைதான். எந்த நூல் யாருக்கு என்பதையும் அவரே சொல்லிவிட்டார். மீனவக் குப்பத்து ஆட்கள் கடலுக்குப் போய்விட்டால் தையல் பிரிக்கத் திரும்பி வரமாட்டார்கள், ஆகவே அவர்களுக்குக் கரையும் நூல். உப்பளத்து ஆட்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள், வரச் சொன்னால் வருவார்கள், ஆகவே அவர்களுக்குப் பட்டு. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். நியாயமாக இருப்பதைத்தான் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்கு முதல் சந்தேகம் தானமாக வந்த நூல் மேல்தான். எந்தக் கிடங்கில் எத்தனை வெயில் காய்ந்ததோ, எவர் வேண்டாம் என்று தள்ளியதோ. ஒவ்வோர் உறையாக எடுத்துத் தேதி பார்த்தேன். காலாவதி ஆனதை ஒதுக்கினேன். மிச்சத்தை இழுத்து முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். ஸ்டோர்காரருக்கு என் மேல் எரிச்சல். "தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குறீங்களே மேடம்" என்றார். பல் டாக்டர் வேறு எதைப் பார்ப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கோடை ஏற ஏறத் தகராறு வந்தது பட்டு நூலில்தான். மீனவர்களுக்குப் போட்ட கரையும் நூல் ஒழுங்காக இருந்தது. அவர்களில் திரும்பி வந்த சிலருடைய வாயைப் பார்த்தால் தழும்பு தேட வேண்டியிருந்தது. உப்பளத்து ஆட்கள் ஒரு வாரம் கழித்து வந்து வாயைத் திறந்தால் பார்க்கச் சகிக்காது. காயத்தின் ஓரமெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, தையல் போட்ட இடம் வாய் பிளந்து நிற்கும். எச்சில் விழுங்கினாலே எரிகிறது என்று அழுதார்கள்.

பெரிய டாக்டர் இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுப் பார்த்தார். கரையும் நூல் மூடிய உறையில் வருகிறது, யார் கையும் படுவதில்லை. பட்டு நூல் ஒருத்தர் கை வழியாக வருகிறது. அந்தக் கை யாருடையது? கணக்கு அவருக்கு அங்கேயே முடிந்துவிட்டது. மல்லிகா நீராவி நேரத்தைக் குறைக்கிறார், அல்லது ஈர நூலை அப்படியே மூடிவைக்கிறார் என்றார்.

நானும் மல்லிகாவைச் சந்தேகப்பட்டேன். இதை மறைக்கப் போவதில்லை. தப்பு என்றும் நினைக்கவில்லை. நூல் அவர் கை வழியாக வந்தது உண்மைதானே. ஆனால் சந்தேகப்பட்டால் அதோடு விட முடியாது, போய்ப் பார்க்க வேண்டும். காலையில் அவர் வருவதற்கு முன்னாலேயே போய் டிரம்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். நீராவி சரியாக ஏறியிருந்தால் டிரம்மின் வெளிப்பக்கம் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். ஒவ்வொன்றிலும் விழுந்திருந்தது. வேறு வேலை இருப்பதுபோல அந்த அறையிலேயே நின்று நேரத்தையும் பார்த்தேன். குறைக்கவில்லை. டேப்பை மட்டும் தனியாகக் காய்ச்சி ஒட்டுகிறாரோ என்றுகூட யோசித்தேன். அந்த அளவுக்கு என் புத்தி போகும்.

இன்னும் இரண்டு விஷயம் நெருடியது. ஒன்று, இந்தக் காயங்களில் சீழ் இல்லை. அழுக்கு நூலென்றால் சீழ் வைக்கும், காய்ச்சல் வரும், தாடைக்குக் கீழே நெறி கட்டும். இங்கே வெறும் எரிச்சல், வெறும் வெளுப்பு. பெரிய டாக்டரிடம் சொன்னேன். மாத்திரை கொடுக்கிறோமே, அது சீழை அடக்கிவிடும் என்றார். இன்னொன்று, கிளியனூரிலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். அவருக்கும் அதே டிரம்மிலிருந்து அதே பட்டு நூல்தான். அவர் காயம் கண்ணாடி மாதிரி ஆறியிருந்தது. அதையும் சொன்னேன். ஒருத்தருக்கு ஆறினால் போதுமா என்றார். எதற்கும் பதில் தயாராக வைத்திருக்கிறவரைக் கண்டால் எனக்கு இன்னும் மூக்கு வியர்க்கும்.

மழை தொடங்கும் நேரத்தில் மல்லிகாவைத் தியேட்டரிலிருந்து எடுத்துப் பதிவுக் கவுன்டரில் உட்காரவைத்தார்கள். மாசியில் அறக்கட்டளைக் கூட்டம். அதில் அவரை அனுப்பிவிடுவது என்று பேச்சு. சும்மா அனுப்பினால்கூடப் பரவாயில்லை. பெரிய டாக்டர் எழுதப்போகும் சான்றிதழில் கிருமி நீக்கத்தில் கவனக்குறைவு என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியோடு ஒரு நர்ஸ் புதுச்சேரியில் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க முடியாது. உங்களுக்கே தெரியும்.

தியேட்டருக்குள் இத்தனை வருஷம் நின்றவரை வாசலில் உட்காரவைத்துப் பெயரும் வயசும் கேட்கச் சொன்னால் எப்படி இருக்கும்? வருகிறவர்கள் எல்லாம் ஏன் சிஸ்டர் இங்க உக்காந்திருக்கீங்க என்று கேட்டார்கள். அவர் அடுத்த ஆள் பெயரைக் கேட்பார். எங்கள் ஆட்கள் எல்லாரும் டீ குடிக்கிற இடத்தில் அவருக்காக வருத்தப்பட்டார்கள். மல்லிகா அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். பெரிய டாக்டர் அந்தப் பக்கம் வந்தால் டம்ளரைக் கழுவப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் நான் கிளம்பும்போது மல்லிகா கவுன்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்களும் நான்தான்னு நினைக்கிறீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும். ஆனால் எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு இன்னும் தெரியல சிஸ்டர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தினார். வண்டியை எடுக்கும்போது எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் மோசம். மல்லிகா இருந்த இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். மழை பிடித்துக்கொண்டது. அளங்கள் தண்ணீரில் மூழ்கின. வேலை இல்லாததால் உப்பளத்து ஆட்கள் தள்ளிப்போட்டிருந்த பல்லையெல்லாம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். அவர்களுக்குப் பட்டு நூல்தான் போட்டோம். எல்லாம் ஆறியது. ஒன்றுகூட வெளுக்கவில்லை, ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு வாயைக் காட்டினார். "பாத்தியாம்மா? அதே நூல், அதே கை என்னுது, ஆளு மட்டும் மாத்துனேன். இதுக்கு மேல இன்னா ஆதாரம் வேணும்?"

எவரும் வாயடைத்துப் போகிற ஆதாரம்தான். டீ குடிக்கிற இடத்திலும் பேச்சு மாறிவிட்டது. பாவம் மல்லிகா என்றவர்கள், யாரைத்தான் நம்புறது என்று சொல்லத் தொடங்கினார்கள். எனக்கோ, அந்த ஆதாரம் மாப்பிள்ளை மாதிரி ஜோடித்துக்கொண்டு வந்து நின்றதுதான் பிடிக்கவில்லை. ஆளை மாற்றியதும் காயம் ஆறியது, சரி. ஆனால் ஆளை மாற்றிய அதே நேரத்தில் வேறு ஏதாவது மாறியதா? மாறியது மழை ஒன்றுதான். மழைக்கும் வாய்க்குள் போட்ட தையலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம்.

பொங்கல் முடிந்தது. அளத்தில் சேறு வாரி, பாத்தி கட்டி, தண்ணீர் விட்டார்கள். வெயில் திரும்பி வந்தது. கூட்டத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பெரிய டாக்டர் சான்றிதழைத் தட்டச்சு செய்யக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த நேரத்தில்தான் அஞ்சலை தையல் பிரிக்க வந்தார். உப்பு வாருகிற பெண், நாற்பது வயது இருக்கும். அதற்கு முந்தைய வாரம் கீழ்த்தாடைப் பல்லை எடுத்திருந்தோம். வாயைத் திறந்தார். காயத்தின் ஓரம் வெளுத்து, உரிந்து, பிளந்திருந்தது. கோடையில் பார்த்த அதே காயம். ஆனால் இப்போது டிரம்மைத் தொட்டது புதுப் பெண். மல்லிகா வாசலில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒழுங்கா பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"டாக்டரு சொன்னபடியே செஞ்சேன்மா."

வழக்கம்போலப் பாதியைக் கழித்தேன். குனிந்து குனிந்து பார்த்ததில் முதுகு வலித்தது. நிமிர்ந்தேன். பல் நாற்காலியில் நோயாளியைச் சாய்த்தால் பாதம் நமக்கு நேராக வந்து நிற்கும். வருஷக்கணக்கில் அதைப் பார்த்தும் பார்க்காமலே வேலை செய்திருக்கிறோம். அஞ்சலையின் பாதம் வெளுத்து, தோல் உரிந்து, ஓரத்தில் பிளந்து கிடந்தது. அளத்துத் தண்ணீரில் நின்று நின்று ஆன பாதம். மறுபடி வாயைப் பார்த்தேன். மறுபடி பாதத்தைப் பார்த்தேன். ஒரே மாதிரி இருந்தது.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இளையவர்களுக்கு இங்கே ஒன்று சொல்கிறேன். கேட்டால் பதில்தான் கிடைக்கும். அந்தப் பதில் நமக்குப் பிடித்த மாதிரி இருக்கும், டாக்டர் மனசு நோகக்கூடாது என்று அவர்களே திருத்திச் சொல்லுவார்கள். ஆகவே தையலை அப்படியே விட்டுவிட்டு, இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று அவரை அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன்.

முதல் உப்பு இறங்கத் தொடங்கியிருந்த சமயம். கண் கூசியது. வரப்பில் என்னைப் பார்த்ததும் அஞ்சலை பதறிப் போனார். இன்னா டாக்டரம்மா இந்தப் பக்கம் என்று கேட்டதற்குச் சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக் கருவேல மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் வேலையைப் பார்த்தார். டீ வந்தபோது மற்றவர்கள் டீக்குப் போனார்கள். அவர் தூக்குவாளிக்குள்ளிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். நேராகக் கடைசிப் பாத்திக்குப் போனார். உப்பு படிந்துகொண்டிருக்கிற பாத்தி. டம்ளரை முக்கி எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டு, காயம் இருந்த பக்கம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கை முஷ்டி பிடித்திருந்தது. துப்பவில்லை. நானே எழுந்து ஓடலாமா என்று பார்த்தபோது துப்பினார். பாத்திக்குள் விழாமல் வரப்புக்கு வெளியே பார்த்துத் துப்பினார். மறுபடி டம்ளரை முக்கினார்.

"எரியலையா?" என்றேன்.

"எரியாம? உயிரு போவுது. மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்னு பல்லக் கடிச்சிக்கினு வச்சிருக்கேன்."

"ஏன் இந்தத் தண்ணி?"

என்னை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பெரிய டாக்டருதானே உப்புத் தண்ணின்னாரு. கடல் தண்ணி சப்புனு கெடக்கும்மா, அதுல இன்னா இருக்குது. இதுதான் கெட்டி. இங்க பல்லு எடுத்தவங்க எல்லாம் இதத்தான் வைக்கிறாங்க."

யோசித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் உங்களுக்கும் எனக்கும் வெந்நீரில் ஒரு சிட்டிகை உப்பு. இவர்களுக்கு அது காலடியில், ஏக்கர் கணக்கில் நிற்கிறது. உப்பு செய்கிறவர் வீட்டுக்குப் போய் உப்பை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்குவாரா? அதிலும் நல்லது எதுவென்று பார்த்து, இருப்பதிலேயே கெட்டியான தண்ணீரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அடிக்கடி என்று சொன்னதால் அடிக்கடி. நல்லா என்று சொன்னதால் நல்லா. பாதத்தைப் பொரித்தெடுக்கிற தண்ணீரைப் பச்சைக் காயத்தில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே நின்றிருக்கிறார்கள். யார் யார் அதிகமாகச் சொல்பேச்சுக் கேட்டார்களோ அவர்கள் காயம்தான் அதிகமாக வெந்தது. மழைக்காலத்தில் பாத்தி இல்லை, அதனால் ஆறியது. மீனவர்களைப் பிறகு விசாரித்தேன். படகுல எங்க மேடம் கொப்பளிக்கிறது என்று சிரித்தார்கள். அவர்கள் யாரும் கொப்பளிக்கவே இல்லை. கேட்காததால் பிழைத்தார்கள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அஞ்சலைதான் என்னைச் சமாதானப்படுத்தினார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே, இனிமே வைக்கல டாக்டரம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதைப் போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெந்நீரில் ஒரு ஸ்பூன் உப்பு என்றுதான் சொன்னேன் என்பார். அவர் பொய் சொல்லமாட்டார். அவர் மனசில் வெந்நீரும் ஸ்பூனும் இருந்திருக்கும், அதனால் வாயிலும் வந்ததாகவே நம்புவார். ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மதியம் உப்பளத்து ஆள் ஒருவருக்கு அவர் பல்லெடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே பாட்டைப் பாடினார். ஐஸ், காரம், உப்புத் தண்ணி, அடுத்த வாரம். அந்த மனிதர் எழுந்திருக்கும்போது நான் குறுக்கே நின்றேன்.

"எந்தத் தண்ணியில கொப்பளிப்பீங்க?"

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அவர் சொன்னார். "கடைசிப் பாத்தித் தண்ணிதானுங்க. வேற எது?"

பெரிய டாக்டரின் ஒரு கையுறை பாதியில் நின்றது.

"யாராவது அதுல கொப்பளிப்பாங்களா?" என்று அந்த மனிதரிடம் கேட்டார். அதட்டலாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"எல்லாரும் அதுலதானுங்க கொப்பளிக்கிறோம். நீங்க சொன்னதுதானே" என்றார் அவர், மரியாதையாக.

பெரிய டாக்டர் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு அவரே எழுந்து, அந்த மனிதரைப் பிடித்து உட்காரவைத்து, வெந்நீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு, எப்போது என்று சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

சான்றிதழ் கிழிக்கப்பட்டது. கூட்டத்துக்கு அவரே போய், தவறு நூலிலும் இல்லை, நர்ஸிடமும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கு ஒரு மனசு வேண்டும், அதை நான் மறுக்கமாட்டேன். மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. "சிஸ்டர், நாளைக்கு டிரம் ரெடி பண்ணிடுங்க" என்று கவுன்டர் பக்கமாகப் போகும்போது சொன்னார். அவ்வளவுதான். பெரிய மனிதர்களுக்கு மன்னிப்புக் கேட்க வேறு பாஷை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்வது நம் வேலையாம். எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு.

நூல் ஒப்பீடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சென்னைக் கூட்டத்துக்கு அது போகவில்லை. நாங்கள் ஒப்பிட்டது இரண்டு நூலை இல்லை. உப்பளத்தையும் கடலையும் ஒப்பிட்டிருக்கிறோம். பிறகு நோயாளி என்ன தொழில் செய்கிறவர் என்று பார்க்காமல் சீட்டுக் குலுக்கி நூல் போட்டுப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் ஒன்றும் எங்கள் கண்ணுக்குப் படவில்லை. பட்டில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தது. கரையும் நூல் கரைய வேண்டிய நேரத்தில் கரையாமல் நாக்கை உறுத்திக்கொண்டிருந்தது. இன்றைக்கு உங்களிடம் புது நூல் கொண்டுவந்து, இதில் காயம் எப்படி ஆறுகிறது பாருங்கள் என்று எவராவது படம் காட்டினால், நூலைப் பற்றி அப்புறம் கேளுங்கள். அது யார் வாயில் போனது, அந்த வாய் வீட்டுக்குப் போய் என்ன செய்தது என்று முதலில் கேளுங்கள். காயம் ஆறுவதில் நம் முடிச்சுக்கு இருக்கும் பங்கு நாம் நினைத்துக்கொள்வதைவிடக் கொஞ்சம்தான்.

மல்லிகா தியேட்டருக்குத் திரும்பிய நாள் சாயங்காலம், நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"கோடையில நீங்க காலையில வந்து டிரம்மைத் திருப்பிப் பாப்பீங்களே மேடம், அது எனக்குத் தெரியும். நான் டேப்பைச் சுவத்துப் பக்கமா வச்சிட்டுப் போவேன். காலையில வந்து பாத்தா இந்தப் பக்கம் திரும்பியிருக்கும்."

கோபமா என்று கேட்டேன்.

"வந்துச்சு. கவுன்டர்ல தெரியலன்னு சொன்னீங்களே, அன்னிக்கு ரொம்ப வந்துச்சு." துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "எல்லாரும் என்னை நம்புறோம்னு சொன்னாங்க மேடம். ஒருத்தரும் வந்து பாக்கல."

மறுநாள் காலையில் என் மேஜை மேல் டிரம் இருந்தது. டேப் என்னைப் பார்த்தபடி இருந்தது. மல்லிகா பக்கத்தில் நின்றுகொண்டு, "பாருங்க மேடம்" என்றார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கோடுகள் கறுப்பாக இருந்தன. சரி என்றேன். அவர் டிரம்மை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்வரை ஒவ்வொரு நாளும் இது நடந்தது. இனிமேல் காட்ட வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவரும் ஒருநாளும் காட்டாமல் இருந்ததில்லை.